அரபு எழுத்து போட்ட சிடி

மறுபடியும் அங்கயே நின்னுடுச்சா? அதான் உங்க மொகமே சொல்லுதே. இருக்கட்டும் சுரேஷ் தம்பி, பொறுமையா பாருங்க. பெரம்பலூர்லேருந்து லெப்பைக்குடிகாட்டுக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? டீயெல்லாம் வேணாங்க.

மெமரிய கழட்டி ரப்பரால தேச்சு மாட்டுனீங்க, எக்ஸ்பி சிடிய மாத்திப் போட்டீங்க, ஃபைல் காப்பி ஆகலன்னு அது அதே பாட்டத்தான் பாடுது. லேப்டாப்பு பழசு தம்பி. ரியாத்துல ஒரு அரபிகிட்ட எம்மவன் பிலால் செகண்ட்ஹேண்டா வாங்குனது. புதுசா வாங்குடான்னா கேக்க மாட்டான்.

விண்டோஸ் ஏறுனா என்ன, ஏறாட்டி என்ன. எனக்கு உள்ள இருந்த ஒரு போட்டோ வேணும். அது ஒண்ணுதான். கல்யாண போட்டோவா? அவனுக்கு ஏதுங்க கல்யாணம். பொண்ணு பாத்து வச்சிருந்தோம், அம்புட்டுதான்.

இந்த அரபு சிடிய போட்டது யாரா? நாந்தான், வேற யாரு. சிரிச்சாலும் சிரிங்க. எம்பொஞ்சாதி சாகிரா அந்த போட்டோவ பாக்கணும்னு சொல்லிட்டா. தொறந்தா நீலக் கலர்ல என்னமோ வந்து வந்து அணைஞ்சுபோவுது. லேப்டாப் பையில இந்த சிடி கெடந்துச்சு, மேல பூரா அரபு எழுத்து. எங்க ஆளுங்க அரபு எழுத்து போட்ட காயிதம் கீழ கெடந்தா எடுத்து கண்ணுல ஒத்திக்கிட்டு ஒசரத்துல சொருவி வப்பாங்க. பேரீச்சம்பழ டப்பா காயிதமா இருந்தாலும் சரி. அந்தப் பழக்கம். தொழுவப் போறாப்ல கை கால் மொகம் கழுவி ஒளு செஞ்சுட்டு, பிஸ்மி சொல்லி உள்ள போட்டேன்.

வந்துச்சு பாருங்க, ஸ்க்ரீன் பூரா அரபு. தட்டித் தடுமாறி ஓதிட்டேன், ஒரு வார்த்த வுடல. சின்னதுலேருந்து மதரஸாவுல ஓதுனவன், எழுத்து தெரியும். அர்த்தம் யாரு சொல்லிக் குடுத்தா? சாகிரா முக்காட்ட இழுத்து வுட்டுக்கிட்டு, நான் ஓதறத பயபக்தியா கேக்குறா. கடைசியில ரெண்டு கட்டம். ஒண்ணுல லா, இன்னொண்ணுல நஅம். மாட்டேன், ஆமா. அது ரெண்டும் எனக்குத் தெரியும். அந்த எழுத்துல ஒண்ணு கேக்கும்போது மாட்டேன்னு சொல்ல மனசு வருமா? ஆமாங்கறத அமுக்கிட்டேன்.

எல்லாத்தையும் அழிச்சுடவான்னு கேட்டுருக்கு. நீங்க சொல்லித்தானே தெரியுது. உள்ள இருந்தத அழிச்சுட்டு, புதுசு பாதி ஏறுனதும் நின்னுக்கிச்சு.

அப்ப ஹார்ட் டிஸ்க்க வேற கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தும் வரலங்கறீங்க. எதுவுமேவா? ம்.

வேற காப்பி இருக்கான்னு செல்லதுரைகிட்ட கேட்டாச்சு தம்பி. செட்டிகுளத்துப் பையன், பிலாலும் அவனும் அங்க ஒரே ரூமு. அவந்தான் போட்டோ எடுத்தான், அவந்தான் லேப்டாப்ப கொண்டாந்தான். கேமராவுல எடமில்லன்னு இதுல ஏத்திட்டு அங்க அழிச்சுட்டானாம். அவன் மேல என்ன குத்தம். வந்தன்னிக்கே காட்டுனான். நான் பாத்தேன். சாகிரா முந்தானைய மூஞ்சியில போட்டுக்கிட்டு பாக்காமயே உள்ள போயிட்டா. இத்தினி நாள் கழிச்சு, காட்டுங்க, நான் பாத்துடறேங்கறா.

அவன் கபுரு போட்டோ தம்பி. அவன அடக்குன எடம். ரோட்டுல லாரி அடிச்சுடுச்சு. ஒடம்பு ஊருக்கு வர மாசக்கணக்காவும், இங்கயே அடக்கிடலாமான்னு ஃபோன்ல கேட்டாங்க. அதுக்கும் நாந்தான் ஆமான்னேன். அங்க பேரெல்லாம் எழுத மாட்டாங்க, தலமாட்டுல ஒரு கல்லு, அவ்வளவுதான். இந்நேரம் பக்கத்துல எத்தினி பேரு வந்துட்டாங்களோ, திரும்பப் போனா செல்லதுரைக்கே அடையாளம் தெரியாதாம்.

ஏன் தம்பி ஸ்க்ரூ டிரைவர கீழ வச்சுட்டீங்க. சரி, மூடிடுங்க, இனிமே பாத்து என்ன ஆவப்போவுது.

ஒண்ணு செய்வீங்களா? உங்ககிட்ட இண்டர்நெட் இருக்குல்ல. அந்த ஊரு மண்ணா, ஒரு மேடு, ஒரு கல்லு, அந்த மாதிரி ஒரு போட்டோ தேடி எடுத்து, காயிதத்துல போட்டுக் குடுங்க. நெசப் போட்டோவுல செல்லதுரை நெழலு ஓரத்துல விழுந்துருக்கும். அது அவளுக்குத் தெரியாது.

இதானான்னு கேப்பா. ஆமான்னு சொல்லிக்கறேன்.