வெள்ளிக்கிழமை, ஒண்ணு நாப்பது

— கதவச் சாத்தாதீங்க லோகாக்கா. அஞ்சே நிமிஷம்தான் கேக்குறேன்.

— மூணு மாசத்துக்கு முன்னாடி கிளப் கமிட்டியில நானும் அஞ்சு நிமிஷம்தான் கேட்டேன், யுகேந்திரன் தம்பி. எவன் குடுத்தான்?

— நான் சண்டைக்கு வரல.

— பின்ன எதுக்கு வந்தீங்க? ஒன்பதாவது மாடி, லிஃப்ட் வேற ரோசாக். சும்மா பாத்துட்டுப் போக ஆயர் ஈத்தாம் வரைக்கும் வந்து எவனும் இவ்வளவு படி ஏறமாட்டான்லா.

— ஒரே ஒரு பதில் வேணும். வாங்கிட்டுப் போயிடுறேன்.

— செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. தண்ணி அங்க இருக்கு, வேணும்னா ஊத்திக் குடிங்க. நான் ஊத்திக் குடுக்கமாட்டேன்.

— என் பறக்குற டெஸ்ட்ட ஏன் கேன்சல் பண்ணீங்க?

— நான் பண்ணல.

— அக்கா, லாஜிக்கா பேசுவோம். நம்ம ஃப்ளையிங் கிளப்போட ஆன்லைன் புக்கிங்ல எல்லாமே பதிவாகும். பிளேன யார் எடுத்தா, யார் விட்டா, எந்த கம்ப்யூட்டர், எத்தனை மணி. இதோ பிரிண்ட் எடுத்துட்டு வந்திருக்கேன். சனிக்கிழமை காலையில எட்டு மணி ஸ்லாட், செஸ்னா, என் பேரு. வெள்ளிக்கிழமை ஒண்ணு நாப்பதுக்கு கேன்சல். ஆபீஸ் கம்ப்யூட்டர். என் பாஸ்வேர்ட்.

— கண்ணாடி போடாமயே தெரியும் தம்பி. கமிட்டியில இதத்தான் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாங்க.

— அந்த நேரத்துல மத்த ஸ்டாஃப் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போயிட்டாங்க. நான் பாயான் லெப்பாஸ்ல, ஃபேக்டரி கிளீன் ரூம்ல, கண்ணு மட்டும் தெரியற மாதிரி மூடிக்கிட்டு நிக்கிறேன். ஃபோன் லாக்கர்ல. ஆபீஸ்ல இருந்தது நீங்க ஒருத்தர்தான்.

— ஆமா, இருந்தேன். இல்லன்னு எப்ப சொன்னேன்?

— என் பாஸ்வேர்டும் உங்ககிட்டதான் இருந்துச்சு.

— உங்களது மட்டுமா? பாதி கிளப்போடது என் 555 பாக்கெட் நோட்டுல இருந்துச்சு. "லோகா, நீயே போட்டு விடு, எனக்கு இந்த கம்ப்யூட்டரெல்லாம் சூசா, கஷ்டம்"னு டத்தோ சொல்லுவாரு, டாக்டர் சொல்லுவாரு. நீங்க மட்டும் என்னவாம்? "ஷிப்ட்ல மாட்டிக்குவேன், ஞாயித்துக்கிழம புக்கிங் தொறந்த உடனே ஒரு ஸ்லாட் புடிச்சிருங்கக்கா"ன்னு வாராவாரம் கெஞ்சுனது யாரு? லீவு நாள்ல பாசார்ல மீன் வாங்கிக்கிட்டு நிக்கும்போதுகூட ஒரு கையில ஃபோன வச்சி உங்களுக்கு பிளேன் புடிச்சிருக்கேன். நான் புடிச்சிக் குடுத்த ஸ்லாட்லதான் தம்பி நீங்க பறக்கவே கத்துக்கிட்டீங்க.

— அதான் அக்கா எனக்கு வயிறு எரியுது. வேற யாராச்சும் செஞ்சிருந்தா போடான்னு விட்டிருப்பேன். கேன்சலாகி ரெண்டு நிமிஷம்கூட ஆகல, ஷாருல் பேரு உள்ள வந்துருச்சு. கமிட்டி மெம்பர் மகன். அவங்கப்பா உங்களுக்கு என்ன செஞ்சு தர்றேன்னாரு?

— ஷாருல் வெயிட்டிங் லிஸ்ட்ல மொத ஆளா நின்னான். முன்னாடி இருக்கறவன் விலகுனா அடுத்தவன சிஸ்டமே தூக்கி உள்ள போட்டுக்கும். அதுக்கு யாரும் கை வைக்கவே வேணாம். உங்களுக்கும் அது மாதிரி எத்தனையோ தடவ கெடச்சிருக்கு. அப்பல்லாம் நீங்க யாருக்கு என்ன செஞ்சு குடுத்தீங்க?

— சனிக்கிழமை காலையில நான் போய் நிக்கிறேன். சுபாங்கிலருந்து வந்த எக்ஸாமினர் ஷாருல் பக்கத்துல உக்காந்து பெல்ட் மாட்டிக்கிட்டிருக்காரு. அவன் என்னயப் பாத்து கைய வேற ஆட்டுறான். சிரிச்சிக்கிட்டே நானும் ஆட்டுனேன் அக்கா. வேற என்ன செய்ய?

— கேன்சல்னு மெயில் வந்திருக்குமே.

— வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு லாக்கரத் தொறந்தப்பதான் பாத்தேன். உங்களுக்கு நாலு தடவ அடிச்சேன். எடுக்கல நீங்க.

— எடுக்கல.

— ஏன்?

— எடுத்தா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

— பாத்தீங்களா! தப்பு செய்யாதவங்க ஏன் ஃபோனுக்கு பயப்படணும்?

— எல்லாத்துக்கும் லாஜிக் தேடுவீங்க போல. நல்லா தேடுங்க.

— எனக்கு என்ன போச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? எழுத்துப் பரீட்சை பாஸானது ரெண்டு வருஷம்தான் செல்லும். எக்ஸாமினர் அடுத்து வர்றதுக்குள்ள அது செத்துப் போச்சு. இனிமே மறுபடி மொதல்லருந்து எல்லா பேப்பரும். புள்ள வேற வரப்போவுது. எங்க உக்காந்து நான் படிக்கிறது? லைசென்ஸ் கனவு அவ்வளவுதான் அக்கா. ஒரே ஒரு கிளிக்ல முடிச்சிட்டீங்க.

— உங்க வைஃப் எப்படி இருக்காங்க? ஏழு மாசம் ஆயிருக்குமே. கால் ரொம்ப வீங்குதா?

— ஏழுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கிளப்ல யாரோ பேசிக்கிட்டாங்க.

— நானே சொல்லியிருப்பேன் போல. நல்லா இருக்கா. என்னய விட அவளுக்குத்தான் இதுல கோவம் அதிகம்.

— கோவமா? உங்க வைஃபுக்கா? நீங்க பறக்குறது அவங்களுக்குப் பயம்னுல்ல நான் நெனச்சேன்.

— நம்ம கிளப் இக்மல் பிளேன வயல்ல கொண்டு போய் எறக்குனான்ல, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் பயந்தா. ஆஸ்பத்திரிக்கு அவளையும் கூட்டிக்கிட்டுப் போனேன், அது என் தப்பு. இடுப்புக்குக் கீழ அவனுக்கு ஒண்ணும் அசையல. வீட்டுக்கு வந்து ரமணி ரெண்டு நாள் சாப்பிடல. "இதோட விட்டுடுங்க"ன்னா. டெஸ்ட் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொன்னேன். பழகிட்டா. அன்னிக்கி சாயந்திரம் கேன்சல் மெயிலப் பாத்துட்டு வீட்டுல நான் கத்துறேன், அவ பாட்டுக்கு என் வெள்ளச் சட்டைய அயர்ன் பண்ணிக்கிட்டிருக்கா. "காலையில போய்ப் பாருங்க, சிஸ்டத்துல ஏதாச்சும் தப்பா இருக்கும்"னா.

— அப்படியா சொன்னாங்க?

— ஆமா. ஏன்?

— ஒண்ணுமில்ல. நான் குடுத்த வாக்கு ஒண்ணு இருக்கு. அதுக்கு மேல என்னயக் கேக்காதீங்க தம்பி.

— யாருக்குக் குடுத்த வாக்கு? ஷாருல் அப்பாவுக்கா?

— மறுபடியும் அங்கயே போங்க. பதினாலு வருஷம் அந்த கவுண்டர்ல உக்காந்தேன். ஒருத்தன் ஸ்லாட்டத் தூக்கி இன்னொருத்தனுக்குக் குடுத்ததில்ல, அமைச்சர் ஆபீஸ்லருந்து ஃபோன் வந்தப்பகூட. இப்ப செபராங் ஜெயாவுல ஒரு டோபி கடையில அடுத்தவங்க துணிய மடிக்கிறேன். போக ஒரு பஸ், ஒரு ஃபெரி, எறங்கி இன்னொரு பஸ். தெரிஞ்சவங்க யாராச்சும் கடைக்குள்ள வந்தா மெஷினுக்குப் பின்னால போய் நின்னுக்குறேன். இதுக்கு மேல நான் என்ன செய்யணுங்கிறீங்க?

— கையெழுத்துப் போடணும். கொண்டாந்திருக்கேன். "நான்தான் கேன்சல் செய்தேன், மன்னிக்கவும்"னு ரெண்டு வரி. இதக் காட்டுனா எழுத்துப் பரீட்சை கெடுவ நீட்டிக் குடுக்கச் சொல்லி எழுதிப் பாக்கலாம். இல்லன்னா திங்கக்கிழம போலீஸ் ரிப்போர்ட் அக்கா. அடுத்தவங்க பாஸ்வேர்ட பயன்படுத்துறது கேஸ். கமிட்டியும் சரின்னுட்டாங்க.

— போலீஸா? என் பேர்லயா?

— எனக்கும் வேற வழி இல்ல.

— ரிப்போர்ட்னு ஒண்ணு விழுந்தா டோபி தௌக்கே மறுநாளே என்னய நிறுத்திடுவான். எனக்கு அம்பத்து மூணு வயசு தம்பி. அதுக்கப்புறம் எவன் வேல குடுப்பான்?

— அதான் சொல்றேன், கையெழுத்துப் போட்டுருங்க. நான் இதோட விட்டுடுறேன். சத்தியமா.

— செய்யாத தப்புக்கு.

— அக்கா...

— குடுங்க. எத்தனையோ பாத்தாச்சு, இதையும் போட்டுத் தொலைக்கிறேன். பேனாவக் குடுங்க. இங்கயா, கீழயா?

— அந்தக் கோட்டுக்கு மேல. நன்றிக்கா. நீங்க போடமாட்டீங்கன்னு நெனச்சேன்.

— இருங்க, படிச்சிக்கிறேன். நல்லா அழகா எழுதியிருக்கே. யாரு, வக்கீலா?

— இல்லக்கா, ரமணிதான். வக்கீல் ஆபீஸ்லதான வேல பாக்குறா, இதெல்லாம் அவளுக்குக் கை வந்தது. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதின்னு அவதான் சொன்னா.

— உங்க வைஃப் எழுதுனதா இது?

— மொத லெட்டரும் அவதான் எழுதுனா, கமிட்டிக்குக் குடுத்தோமே.

— அதுவுமா? மீட்டிங்ல அத எனக்குப் படிச்சிக் காட்டுனாங்க. "இவரை நம்பி ஒரு சாவியைக்கூட ஒப்படைக்க முடியாது"ன்னு ஒரு வரி. மூணு மாசமா தூங்கப் போறப்பல்லாம் அந்த வரிதான் என் காதுல கேக்குது. அது உங்களோடதுன்னு நெனச்சேன்.

— இல்லக்கா, அது அவ போட்டது. சத்தியமா நான் வேணாம்னுதான் சொன்னேன். பாவம், வேலய விட்டுத் தூக்கற அளவுக்கு வேணாம், ஒரு வார்னிங் போதும்னேன்.

— கேக்கல?

— கேக்கல. "இப்படி அடிச்சி எழுதுனாதான் கமிட்டி வேற யாரையும் தேடாது"ன்னா.

— வேற யாரையும் தேடாது.

— ஆமா. ஏன் பேனாவ வச்சிட்டீங்க? போடுங்கக்கா, ஒரு கையெழுத்துதான.

— தண்ணி ஊத்தித் தரட்டுமா தம்பி? குடிச்சிட்டு உக்காருங்க.

— எனக்குத் தண்ணி வேணாம். நீங்க அழுத்தலன்னா அப்ப யாருதான் அழுத்துனா? அதையாச்சும் சொல்லுங்க.

— உங்க ரமணி. என் நாற்காலியில உக்காந்து, உங்க பாஸ்வேர்ட அவளே போட்டு, நாலு மாச வயித்தப் புடிச்சிக்கிட்டு அழுதுகிட்டே அழுத்துனா. அழுத்திட்டு, உயிரே போனாலும் அவர்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவ தலையில என் கைய வச்சி சத்தியம் வாங்கிட்டுப் போயி, அந்தக் கையாலயே என்னயக் கிளப்ல இருந்து வெரட்டச் சொல்லி லெட்டர் எழுதியிருக்கா.