அவிழ்க்காத காப்பு

ரொம்ப காலத்துக்கு முன்னாடி, இந்தக் கண்மாய்க்குக் கரையே போடாத காலத்துல, ஆவாரங்குளம் ஆவாரங்குளம்னு ஒரு ஊரு. அது கிழக்க. மேற்க கூளப்பட்டி கூளப்பட்டின்னு ஒரு ஊரு. நடுவுல உப்போடை. வருசத்துல பத்து நாள் தண்ணி ஓடும், மத்த நாளெல்லாம் மணல்தான். ரெண்டு ஊருக்கும் தனித்தனிப் பாளையக்காரர் இருந்தாக. ஆனா பொண்ணு குடுக்கிறதும் எடுக்கிறதும் அந்த ஓடையைத் தாண்டித்தான். இங்க கருவாடு சுட்டா அங்க மணக்கும்னு சொல்லுவாக. அப்படி இருந்த ஊருகளுக்கு நடுவுல ஒரு சண்டை வந்துச்சு.

மண்ணுக்கா? இல்ல. மாட்டுக்கா? இல்ல. பொண்ணுக்கா? அதுவும் இல்ல. ஒரு துண்டுக்கு.

மலைக்கோவில் திருவிழாவுல சாமிக்குச் சாத்தின பட்டுத் துண்டைப் பூசாரி பரிவட்டமாக் கட்டுவாரு. மொத மரியாதை ஆவாரங்குளத்துப் பாளையக்காரருக்கு, அடுத்தது கூளப்பட்டிக்காரருக்கு. தலைமுறை தலைமுறையா அதுதான் வழக்கம். அந்த வருசம் பாருங்க, பூசாரிக்குக் கண்ணுல புரை. அவரு துண்டை ஏந்திக்கிட்டு வர்ற நேரத்துல, நம்ம ஆவாரங்குளத்துப் பாளையக்காரரு கால்ல தச்ச முள்ளைப் பிடுங்கக் குனிஞ்சிருக்காரு. பூசாரி கை நீட்டினாரு, தட்டுப்பட்டது அடுத்த தலை. கட்டிட்டாரு.

அவ்வளவுதான். நம்மவரு முள்ளோட நிமிந்தாரு. "அவன் தலையோட அந்தத் துண்டைக் கொண்டா"ன்னாராம்.

வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்னு தமுக்கு அடிச்சாக. ரெண்டு ஊருலயும் எவனுக்கும் இந்தச் சண்டை பிடிக்கல. "துண்டு வேணும்னா எங்க வீட்டுல நாலு கிடக்கு, எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு"ன்னு பொம்பளைக வாசல்ல நின்னே பேசினாகளாம். அந்தச் சண்டைக்குப் பேரே துண்டுச் சண்டைதான். ஆனாலும் போகாம இருக்க முடியுமா? போகாதவன் வீட்டுக் கூரையில தீ வைப்பாக. அதனால போனாக. போனதெல்லாம் பத்தொம்பது, இருபது வயசுப் பயலுக. ஒவ்வொருத்தன் அரைஞாண்லயும் ஆத்தாக்காரி ஒரு மஞ்சக்கிழங்கைக் கட்டி அனுப்பினா, உயிருக்குக் காவலா இருக்கட்டும்னு.

அப்படிப் போனதுல ஒருத்தருதான் எங்க பாட்டன் சடையாண்டி. பாட்டன்னா அப்பாவைப் பெத்தவரு இல்ல, ஏழு தலைமுறைக்கு முந்தினவரு. அவருக்கு அப்ப பத்தொம்பது வயசு. அவரு அய்யா ஊர் அம்மன் கோவில்ல காப்புக் கட்டுற பூசாரி. அக்கா வெள்ளையம்மாளைக் கட்டிக் குடுத்திருந்தது எங்க? கூளப்பட்டியில.

கூட அவரு கூட்டாளிக ரெண்டு பேரு. ஒருத்தன் இருளப்பன். நல்லாப் பாடுவான். இன்னொருத்தன் தவிடன். முன்னாடி பிறந்த மூணு பிள்ளையும் தங்காம, இவனைப் பிடி தவிட்டுக்கு வித்துத் திரும்ப வாங்கின பிள்ளை, அதனால தவிடன். "என்னை எமன் சீண்ட மாட்டான்லே, மாட்டுத் தீனின்னு விட்டுருவான்"னு சொல்லிக்கிட்டே வருவானாம்.

உச்சி வெயில்ல ஓடை மணல்ல சண்டை நடந்துச்சு. எப்படி நடந்துச்சுன்னு கேட்டா எங்க ஊருல ரொம்பச் சொல்ல மாட்டாக. மணல் சுட்டுச்சாம். வேல்கம்பு வியர்வையில வழுக்குச்சாம். எதிர்த்தாப்புல வர்றவன் மூஞ்சியைப் பாக்காத, நெஞ்சை மட்டும் பாருன்னு படையை நடத்தின தளவாய் சொல்லிக் குடுத்திருந்தாராம். பாத்தா அத்தை மகனா இருப்பான்ல, அதுக்காக.

ஒரு கவண்கல்லு வந்து சடையாண்டியோட வலது முழங்கையில விழுந்துச்சு. மல்லாக்க விழுந்தாரு. அவரு மேல இருளப்பன் விழுந்தான், வயித்துல வேல் வாங்கி. எந்திரிக்க முடியல. மேல கிடந்தவன் பாரத்துலதான் இவரு உயிரு தப்பிச்சுச்சுன்னு சொல்லுவாக. செத்துட்டான்னு நினைச்சு எல்லாரும் தாண்டித் தாண்டிப் போயிட்டாக. இருளப்பன் வாய் இவரு காதுகிட்ட இருந்துச்சு. "தண்ணி, சடையா"ன்னான். "தண்ணி"ன்னான். இவரு குடுக்கையில சொட்டுத் தண்ணி இல்ல. அப்புறம் அவன் கேக்கல.

நானும் வெளியூர்ல இருந்த காலத்துல பெரிய பெரிய சண்டைகளைப் பத்தி புத்தகத்துல படிச்சிருக்கேன். செயிச்சவன் பேரு இருக்கும், தேதி இருக்கும். தண்ணி கேட்டவன் பேரு இருக்காது. எங்க ஊருல மட்டும் அது தலைகீழா இருக்கு. செயிச்சது யாருன்னு எவனுக்கும் தெரியாது, இருளப்பனைத் தெரியாதவன் இல்ல.

நாப்பது பேரு போனாக. பொழுது சாயிறப்ப எந்திரிச்சு நின்னது பதினேழு. தளவாய் வந்து எண்ணிப் பாத்துட்டு, "விடிஞ்சதும் மறுபடி ஓடையில இறங்கணும். பின்வாங்கினவன் தலை இருக்காது"ன்னுட்டுப் போனாரு. பதினேழு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்தான். நாளைக்குப் பொழுது சாயிறப்ப எத்தனை?

நாக்கு வறண்டு போச்சு. ஓடை நடுவுல ஒரு பாறை. அதுக்கு அடியில தோண்டினா ஊத்துத் தண்ணி வரும். சடையாண்டியும் தவிடனும் தவழ்ந்து போனாக. போனா, அந்தப் பக்கமிருந்து ஒருத்தன் தவழ்ந்து வாரான்.

மூணு பேரும் பாறைக்கு அடியில முட்டிக்கிட்டாக.

தவிடன் கேட்டானாம், "ஏலே கூளப்பட்டி, தண்ணிக்கு வந்தியா, தலைக்கு வந்தியா?"

"உன் தலையை வச்சு நான் என்னலே பண்ண? பேன் பாக்கவா?"ன்னான் அவன்.

குரலைக் கேட்டதும் சடையாண்டிக்குத் தெரிஞ்சு போச்சு. அக்கா புருசனோட தம்பி, குருவன். "மாப்ள"ன்னாரு. "மச்சான்"னான் அவன். ரெண்டு பேரும் மணலைத் தோண்டினாக. தண்ணி ஊறிச்சு. மொதல்ல நீ குடி, நீ குடின்னு நின்னாக. அதுக்குள்ள தவிடன் குடிச்சுட்டான்.

அப்புறம் குருவன் சொன்னான், "மச்சான், மதினிக்குப் பிள்ளை பிறந்திருக்கு. ஆம்பளப் பிள்ளை. பன்னண்டு நாளாச்சு."

"யாரு சாடை?"

"மூக்கு உன்னை மாதிரி. பாவம்."

சடையாண்டி சிரிக்கல. "நாளைக்கு நீ என்னைக் குத்துவே, இல்ல நான் உன்னைக் குத்துவேன். அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் இருக்க மாட்டான், இல்ல சித்தப்பன் இருக்க மாட்டான். உங்க பக்கம் எத்தனை பேரு மிச்சம்?"

"பத்தொம்பது. அதுல நாலு பேருக்கு நடக்க முடியாது."

"ஓடிப் போயிருவமா?"ன்னான் தவிடன்.

"ஓடினா வீட்டுக் கூரை?"

அப்பத்தான் சடையாண்டிக்கு அவங்க அய்யா நெனப்பு வந்துச்சாம். அம்மன் திருவிழாவுல காப்புக் கட்டிட்டா கையில கத்தி எடுக்கக் கூடாது, ரத்தம் சிந்தக் கூடாது, சண்டை சச்சரவு கூடாது. எட்டு நாளைக்கு ராசாவானாலும் அதுக்குக் கட்டுப்பட்டவன்தான். மீறினா ஊருக்கே அம்மை போடும்னு பயம். கட்டினவன் கைதான் அவுக்கணும், வேற கை படக் கூடாது.

"மாப்ள, காப்புக் கட்டிருவோம்"னாரு.

"திருவிழா பங்குனியோட முடிஞ்சு போச்சே. இப்ப எந்தச் சாமிக்குக் கட்டுவே?"

"தெரியல. கட்டுவோம். சாமி அப்புறமா வரட்டும்."

சின்னப் பயலுக பண்ற காரியமா இது? சாமி இல்லாம காப்பு! ஆனா வேற வழி இல்ல. அரைஞாண்ல இருந்த மஞ்சக்கிழங்கை அவுத்துப் பாறையில உரசினாக. தலைப்பாகையில இருந்து நூலைப் பிரிச்சு அதுல முக்கினாக. குருவன் தன் கைக்குத் தானே கட்டிக்கப் போனான். சடையாண்டி பிடிச்சுக்கிட்டாரு.

"நீயே கட்டாத. நமக்கு நாமே கட்டினா, விடிஞ்சு தளவாய் அதட்டின உடனே நாமே அவுத்துருவோம். என்னை நான் நம்பல மாப்ள. நீ எனக்குக் கட்டு, நான் உனக்குக் கட்டுறேன். அப்புறம் தளவாயே நினைச்சாலும், அவுக்கிறதுக்கு எதிராளியைக் கூப்பிடணும்."

ஆம்பளைக்கு வலது கையில கட்டணும், பொம்பளைக்கு இடது கையில. சடையாண்டி வலது கை கல்லடியில வீங்கிப் பூசணியாக் கிடக்கு. அதனால குருவன் இடது கையில கட்டினான். அதைப் பாத்துட்டுத் தவிடன் தானும் இடது கையை நீட்டினான். விடியிறதுக்குள்ள ரெண்டு பேரா, மூணு பேரா எல்லாரும் வந்தாக. நடக்க முடியாத நாலு பேரைத் தூக்கிக்கிட்டு வந்தாக. கிழக்கத்திக் கைக்கு மேற்கத்திக் கை, மேற்கத்திக் கைக்குக் கிழக்கத்திக் கை. முப்பத்தாறு பேருக்கும் இடது கை. ஏன் இடதுன்னு ஒருத்தனும் கேக்கலையாம்.

விடிஞ்சது. கொம்பு ஊதினாக. தளவாய் வந்து, "இறங்குங்கலே"ன்னாரு. பதினேழு பேரும் வேல்கம்பைக் கீழ போட்டுட்டு இடது கையை உசத்தினாக.

"என்னலே அது?"

"காப்புங்கய்யா"ன்னாரு சடையாண்டி.

"எந்தச் சாமிக்கு?"

"தெரியலைங்கய்யா. கட்டியாச்சு."

தளவாய் குத்துவாளை உருவிட்டாரு. சடையாண்டி கையைப் பிடிச்சு, நூலுக்கு அடியில முனையைக் குடுத்துட்டாரு. ஒரு இழுப்பு இழுத்தா நூலு போச்சு, பின்னாலயே தலையும் போச்சு.

தவிடன் முன்னால வந்தான். "அறுங்கய்யா. தாராளமா அறுங்க. உங்களுக்கு அஞ்சு பிள்ளைகள்ல? சித்திரை வெயிலு வேற. ஆத்தா வந்தான்னா ஒண்ணோட நிக்க மாட்டா."

தளவாய் வாளைப் பிடிச்சபடியே நின்னாராம். நூலைப் பாத்தாரு, பயலுகளைப் பாத்தாரு. அந்தக் கரையிலயும் பத்தொம்பது பேரு கையை உசத்திக்கிட்டு இருக்கிறதைப் பாத்தாரு. வாளை உறையில போட்டுட்டு, "சாமி குறுக்க வந்துருச்சுன்னு நான் போயிச் சொல்லிக்கிறேன்"னு குதிரையில ஏறிட்டாரு. மனுசன்தான அவரும்.

பாளையக்காரரு குதிச்சாரு. "காப்பு செல்லாதுன்னு கூளப்பட்டிக்காரன் மொதல்ல அறுக்கட்டும், நான் அறுக்கிறேன்"னாரு. அந்தப் பாளையக்காரரும் அதையேதான் சொல்லி அனுப்பினாரு. எல்லாத்துக்கும் மொத ஆளா நிக்கணும்னு அடிச்சுக்கிட்ட ரெண்டு பேரும், இதுக்கு மட்டும் ரெண்டாவது ஆளா நிக்கத் தயாரா இருந்தாகளாம்.

பயலுக ஊருக்குத் திரும்பினாக. சடையாண்டி நேரா இருளப்பன் வீட்டுக்குத்தான் போனாரு. அவன் ஆத்தா நிலைப்படியில சாஞ்சு உக்காந்திருந்தா.

"கடைசியா என்ன கேட்டான்?"

"தண்ணி கேட்டான் அத்தை."

"குடுத்தியா?"

இவரு காலிக் குடுக்கையைக் கவுத்துக் காட்டினாரு. அவ உள்ள போனா. ஒரு செம்புத் தண்ணி கொண்டாந்து இவரு கையில குடுத்து, "நீ குடி"ன்னா. முழுசும் குடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னாளாம். அதுக்கப்புறம் எங்க பாட்டன் சாகுற வரைக்கும் மல்லாந்து படுத்ததே இல்லைன்னு சொல்லுவாக.

எட்டாம் நாள் வந்துச்சு. காப்பு அவுக்கணும். முப்பத்தாறு பேரும் பாறைக்கு வந்தாக. ரெண்டு கரையிலயும் ரெண்டு தளவாயும் ஆளுகளோட காத்துக்கிட்டு நின்னாக, நூலு எப்ப அவுறும்னு.

"நீ மொதல்ல அவுத்துவிடு மச்சான்"னான் குருவன்.

சடையாண்டி அவன் கையைப் பிடிச்சாரு. முடிச்சுல விரலை வச்சாரு. அப்புறம் எடுத்துட்டாரு.

"மாப்ள, அவுக்கலைன்னா என்ன ஆகும்?"

குருவன் யோசிச்சான். "ஒண்ணும் ஆகாது. சண்டை போட முடியாது."

"அப்ப இருக்கட்டும்."

"எதுவரைக்கும்?"

"இருக்கிற வரைக்கும்."

முப்பத்தாறு பேரும் காப்போட ஊருக்குப் போனாக. இந்தா அவுப்பாக, நாளைக்கு அவுப்பாகன்னு பாளையக்காரரு ரெண்டு பேரும் காத்திருந்து காத்திருந்தே கிழடானாக. நூலு இத்துப் போனா பயலுக ஓடைக்குப் போயி மறுபடி கட்டிக்கிட்டாக. தவிடன் மட்டும் கல்யாணத்துக்கு அப்புறமும் காப்பைக் காட்டிக்கிட்டு விறகு வெட்டாம, கோழி அறுக்காமத் திரிஞ்சானாம். "சாமி பேரு தெரியாத காப்புக்கு இந்தச் சோம்பேறியைத் தவிர பக்தன் கிடையாது"ன்னு அவன் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லுவாளாம். வெள்ளையம்மா மகனுக்குப் பாறையிலயே வச்சுக் காது குத்தினாக. தாய்மாமன் மடி குடுத்தாரு, சித்தப்பன் பிள்ளை காலைப் பிடிச்சுக்கிட்டான்.

இன்னைக்கும் அதுக்கு மஞ்சப்பாறைன்னுதான் பேரு. சித்திரை கடைசிச் செவ்வாய்க்கு ரெண்டு ஊரு இளவட்டங்களும் அங்க வருவாக. பூசாரி கிடையாது, பொங்கல் கிடையாது. எந்தச் சாமின்னு கேட்டா, தெரியலம்பாக. இந்த ஊருக் கைக்கு அந்த ஊருக் கைதான் கட்டும், அதுவும் இடது கையில. பொம்பளைக் கையில கட்டியிருக்கான்னு சந்தையில மத்த ஊருக்காரக சிரிப்பாக. சிரிக்கட்டும்.

மத்த ஊருல எல்லாம் காப்புக் கட்ட ஒரு நாள் இருக்கும், அவுக்க ஒரு நாள் இருக்கும். எங்களுக்குக் கட்ட மட்டும்தான் நாள். துண்டுச் சண்டை முடிஞ்சு போச்சான்னு யாராவது கேட்டா, எங்க ஊருல முடிஞ்சதுன்னு சொல்ல மாட்டாக. இன்னும் காப்பு அவுக்கலை, அவுக்கிற வரைக்கும் சண்டை போட முடியாது, அவ்வளவுதான்னு சொல்லுவாக.