இரண்டாவது துண்டு வட்டிலப்பம்

தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு மாலை, வவுனியாவிலிருந்து செட்டிகுளம் செல்லும் பஸ்ஸில், ஒரே கந்தோரில் வேலை செய்யும் இரு பெண்கள் எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர். அன்று மதியம் சிநேகிதிகளோடு ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு முதன்முறையாகப் போய், வட்டிலப்பம் என்ற இனிப்பும் சாப்பிட்டு வந்திருந்தார்கள்.

“அக்கா, ஏசக்கூடாது. நீங்கள் சாப்பிட்ட வட்டிலப்பம் முட்டை அடிச்சுச் செய்யிறதாம். எனக்கு இப்பதான் தெரியும்.”

மூத்தவர் பஸ் டிக்கெட்டைச் சிறிதாக மடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ! உங்கடை அவர் காணாமல்போன நாள் தொடக்கம், அவர் வருமட்டும் மச்ச மாமிசமும் முட்டையும் தொடமாட்டன் எண்டு நேர்ந்தனீங்கள். அஞ்சு வருஷம்! நாங்களெல்லோ இழுத்துக்கொண்டுபோய்க் கெடுத்துப்போட்டம்.”

“அழாதையும் பிள்ளை. கடைக்காரர் அங்கையே சொன்னவர்.”

“எப்ப?”

“முதல் துண்டு முடிஞ்ச கையோடை. என்ன போட்டுச் செய்தனீங்கள் எண்டு நான்தான் கேட்டனான்.”

“அப்ப, ரெண்டாவது துண்டு?”

“தெரிஞ்சுதான் கேட்டு வாங்கினனான்.”

இளையவர் வாயைப் பொத்திக்கொண்டார். “ஏனக்கா?” என்றார்.

“நேர்த்தி முறிஞ்சுபோச்சு, இப்ப அழுகை வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், பிள்ளை. வரேல்லை. இன்னொண்டு தின்னோணும்போலைதான் இருந்தது.”