கல்யாணி வீட்டுச் சாவி

பெயர் ஜாக்குலின், வயது 57, கணவர் பெயர் தாவீது, வீட்டிலேயே தையல் வேலை, இருப்பிடம் கதவு எண் 9, சுண்ணாம்புக்காரர் சந்து, செங்கல்பட்டு. 19.06.2025 அன்று மதியம் காவல் நிலைய எழுத்தர் தமிழ்வாணன் கேட்க நான் சொன்னதாவது.

நான் மேற்படி விலாசத்தில் முப்பத்து மூன்று வருடமாகக் குடியிருந்து வருகிறேன். எங்கள் சந்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர்தான். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் வாசற்படியில் ஏறி நின்று வழிவிட வேண்டும். நான் பகல் முழுவதும் மெஷினில் உட்கார்ந்திருப்பதால், வேலைக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்காகக் கதவுக்குப் பின்னால் பதினோரு ஆணி அடித்து வைத்திருந்தேன். அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் அங்கே படிக்கிற பிள்ளைகளும் தங்குவதற்கென்று ஒவ்வொரு வீடாக வாங்கி இடித்து விடுதி கட்டினார்கள், அவற்றுக்கெல்லாம் நம்பர் அழுத்தினால் திறக்கிற பூட்டு வந்தது. கடைசியாக ஆணியில் இருந்தது பக்கத்து வீட்டுக் கல்யாணியின் சாவி ஒன்றுதான்.

கல்யாணிக்கு 46 வயது, திருமணம் ஆகவில்லை, தனியாக இருக்கிறாள். சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். அவளுடைய அண்ணன் பரணிதரன் படாளத்தில் இருக்கிறார். அப்பா விட்டுப்போன வீட்டை விற்க வேண்டும் என்று அவரும், விற்க மாட்டேன் என்று இவளும் ஒரு வருடமாகச் சண்டை. போன மாதம் ஒரு நாள் சாவி கொடுக்கும்போது கல்யாணி, "யார் வந்து கேட்டாலும் குடுக்காதக்கா, எங்க அண்ணன் வந்தாலும்" என்று சொன்னாள். நானும் சரி என்றேன்.

17.06.2025 செவ்வாய்க்கிழமை காலை சுமார் பதினொரு மணிக்குப் பரணிதரன் வந்தார். "இன்னாக்கா, அண்ணாத்த முட்டிவலி எப்டி கீது" என்று என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், அதன் பிறகு, "மோட்டார் ஓடலன்னு தங்கச்சி போன் பண்ணிச்சி, சாவி குடு, பாத்துட்டுப் போறேன்" என்றார். நான் ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு நான்கு ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். அதன் பிறகு ஓடு பிரிக்கிற சத்தம் கேட்டது. நான் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்குள் கூரை முழுவதும் போய்விட்டது. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் சந்தில் இறக்கியிருந்தார்கள். சாமிப் படங்களை மட்டும் என் வாசற்படியில், முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி சாய்த்து வைத்திருந்தார்கள். தூசி வருகிறதென்று எதிர் விடுதியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

இரவு ஏழரை மணிக்குக் கல்யாணி வந்தாள். கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு என்னிடம் வந்து, "நீயாக்கா குடுத்த?" என்று கேட்டாள். "மோட்டாரு ரிப்பேருன்னு சொன்னாரும்மா" என்றேன். அவள் சாமிப் படங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் ஏமாந்துபோய்ச் சாவியைக் கொடுத்ததாக எழுத்தர் எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். நான் ஏமாறவில்லை. அன்று காலை ஐந்தரை மணிக்குக் கல்யாணி மோட்டார் போட்ட சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்டது. பரணிதரன் சொன்னது பொய் என்று சாவியை எடுக்கும்போதே எனக்குத் தெரியும்.

கல்யாணி வீட்டைக் கேட்ட விடுதிக்காரர் எங்கள் வீட்டையும் கேட்டு வந்திருந்தார். "ரெண்டு வூடும் சேந்து வந்தாதான் எடுப்பேன், உன்னுது மட்டும் வச்சிகினு நான் இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்பக்கம் ஆறு மாடி எழுப்பியதிலிருந்து ஊசியில் நூல் கோக்கப் பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கிறது. அவர்கள் சாக்கடை எங்கள் சமையலறைச் சுவரில் ஊறுகிறது. என் வீட்டுக்காரரால் கழிவறைப் படி ஏற முடியவில்லை. லிஃப்ட் இருக்கிற வீடு, வாங்க என்று மகள் ஜெனிட்டா ஊரப்பாக்கத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குச் சலித்துப்போய்விட்டது. கல்யாணி ஒத்துக்கொண்டால் நாமும் போய்விடலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் கூரையைப் பிரிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

எழுத்தர், "இதெல்லாம் உனக்கே எதிரா திரும்பும்மா, வாணாம்" என்றார். "எழுதுங்க சார்" என்று நான்தான் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வெளியே போயிருந்தபோது என் வீட்டுக்காரர் ஒருமுறை வாசல் கதவை உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்துவிட்டார், வெளியிலிருந்து திறக்க முடியவில்லை. அதிலிருந்து வீட்டை உள்ளே தாழ் போடாமல் பூட்டி, இன்னொரு சாவியைக் கல்யாணியிடம் கொடுத்து வைத்திருந்தேன். பத்து வருடம் அவளிடம்தான் இருந்தது. நேற்றுக் காலை கதவைத் திறந்தபோது அந்தச் சாவி, நான் கட்டிக் கொடுத்த அதே சிவப்பு நூலோடு, வெளித்தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வேறு யாரிடம் கொடுப்பதென்று பார்த்தேன். சந்தில் கொடுக்க ஆள் இல்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடிதான் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) தா. ஜாக்குலின்