எரிபொருள் எடுக்கும் நாள்

“எரிபொருள் கம்பிகளை எத்தனை நாளைக்கு ஒருமுறை வெளியே எடுப்பீர்கள்? அந்த அட்டவணையைத் தாருங்கள்” என்று கேட்டேன். வட்டகொடை ஸ்டேசனில் ரயில் நேரம் கேட்பது போலத்தான் கேட்டேன். அதை மட்டும் கேட்கவே கூடாது என்று கம்பனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே கஜேந்திரன் சேர் சொல்லியிருந்தார். நம் மலையில் அணுமின் நிலையம் கட்ட வந்த வெளிநாட்டுக் கம்பனிக்கு இங்கே அவர்தான் பெரியவர்.

அவரிடமேதான் கேட்டேன்; தந்தார், சிவசாமி தலைவரே. நான் பௌதிகவியல் பட்டதாரி, பார்த்தால் புரிந்துவிடும் என்று தெரிந்தும் தந்தார். இவள் வாய் திறக்க மாட்டாள் என்று அவ்வளவு நம்பிக்கை.

மின்சாரத்துக்கு என்றால் கம்பிகளை வருடக்கணக்கில் உள்ளேயே விடலாம். அட்டவணையில் இருந்தது வாரக்கணக்கு. அவ்வளவு சீக்கிரம் எடுப்பது மின்சாரத்துக்கு வீண். அணுகுண்டுக்கு ஏற்ற புளுட்டோனியம் வேண்டுமென்றால்தான் அப்படி எடுப்பார்கள். எடுத்ததெல்லாம் கம்பனியின் நாட்டுக்குப் போகும் என்று கீழே ஒரு வரி.

நம் தேயிலைத் தோட்டத்தில் இங்கிலீஷ் கடிதம் வந்தால் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். அது சொன்னால் கையெழுத்து. இந்த வழக்கத்தைக் கம்பனி நன்றாகவே படித்திருந்தது. நீங்கள் தொழிற்சங்கக் கூட்டத்துக்கு ஹட்டன் போன நாளாகப் பார்த்து, காலைப் பெரட்டில் எல்லோரும் கூடி நிற்க, வேலை பிரிக்கும் முன், நிலையத்துக்கான சம்மதக் கடிதத்தை வாசித்தேன். கரண்டு வரும், லயத்து ஒற்றை அறைக்குப் பதிலாக உறுதிப் பத்திரத்தோடு சொந்த வீடு வரும் என்றேன். அட்டவணையையும் வாசித்தேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை.

உங்கள் மனைவி நாகலெட்சுமி அக்கா கூடையைத் தலையில் மாட்டியபடியே கேட்டார்.

“ஏம்மா, நாங்க ஏழு நாளைக்கு ஒருக்கா எளசா கிள்ளுறது நல்ல தூளுக்கு. முத்த விட்டா தரம் போயிரும். இவங்க எதுக்கு முத்த விடாம எடுக்குறாங்க? கரண்ட விட்டா வேற என்னத்துக்கு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அணுவும் கொழுந்தும் ஒண்ணாக்கா? நீங்க கிள்ளுறத மட்டும் பாருங்க” என்றேன்.

சிரித்தார்கள். வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையாவும் சிரித்தார். அக்காவும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து, படிப்பில்லாதவள் தெரியாமல் கேட்டுவிட்டேன் என்றார். அவர் விரலெல்லாம் கொழுந்துக் கறை. எனக்கு அருவருப்பாக இருந்தது. கறையால் அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அதைக் கேள்விப்பட்டு என் ஆபீசுக்கு வந்து நிற்கிறீர்கள். நூற்றெண்பது குடும்பங்களின் கையெழுத்து. இன்னும் கம்பனி கைக்குப் போகவில்லை, இதோ என் பையில் இருக்கிறது. கிழித்துப் போடலாம். நாளைப் பெரட்டில் நின்று, அக்கா கேட்டதுதான் சரி என்று சொல்லலாம். சொன்னால் எங்கோ ஓர் ஊர் எரியாமல் தப்பலாம். அந்த ஊரின் பெயர் எனக்குத் தெரியாது.

கீழே ஜீப் நிற்கிறது. கஜேந்திரன் சேர் பேப்பருக்காகக் காத்திருக்கிறார். இந்த லயங்களில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி. நாலு வருடம் படித்து நான் கண்டதை, கொழுந்து கிள்ளுகிற ஒருத்தி நின்ற நிலையில் கண்டாள் என்று அந்தச் சனத்துக்கு முன்னால் என் வாயால் சொல்ல மாட்டேன்.

வழி விடுங்கள், தலைவரே. நான் போகிறேன்.

வீடுகளுக்காகத்தான் செய்தேன்.