நாளையோடு மூன்று மாதம்

ஹலோ... ஹலோ, திண்டுக்கல் நவதுறவு மடந்தானே... ஆமா சிஸ்டர், பெங்களூரு விவேக் நகர்லேர்ந்து பேசறேன். ஆம்ப்ரோஸ். உங்க நோவிஸ் பெர்னதெத் இருக்கறா இல்ல, அவ அப்பா... ஆமாமா. மதரக் கொஞ்சம் கூப்பிடுங்க... ஜெபத்துல இருந்தாலும் கூப்பிடுங்க சிஸ்டர். இங்க கர்ஃப்யூ. ரெண்டு மணி நேரந்தான் தளத்தியிருக்காங்க, அதுல ஒன்ற மணி நேரம் இந்த பூத்து கியூவுலயே போச்சு...

இருக்கறேன்... இருக்கறேன்...

டென்சில், உன் பூத்து ஷட்டர அதுக்கு மேல எறக்காதப்பா. எம்பொண்ணு வெளிய நிக்கறா.

தோத்திரம் மதர்... ஆமா, ஆம்ப்ரோஸ்தான்... கால் பரவால்ல. பீன்யா ஃபேக்டரியில இரும்பு லோடு விழுந்த கால், இனி இவ்வளவுதான் நடக்கும். அத வுடுங்க. அவ என்னைப் பாத்துக்க மடத்த வுட்டு வந்து நாளையோட மூணு மாசம் மதர்... ஆமா, தெரியும். மூணு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா நவதுறவுப் பயிற்சியே செல்லாது, அவ சொல்லியிருக்கறா. அதுக்குத்தான் பன்னெண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்து வெச்சிருந்தா. அன்னிக்கின்னு பாத்து இந்தக் காவிரி கலாட்டா...

பேப்பர்ல பாத்தீங்களா... பேப்பர்ல வந்தது கொஞ்சம் மதர். தமிழ்நாட்டு நம்பர் வண்டிய எல்லாம்... ஆமா... ஒரு பஸ்ஸும் ஓடல. ஸ்டேஷனுக்குப் போகவும் வழியில்ல...

என்ன மதர்... அங்க அவ பெட்டியக் கட்டி வெச்சுட்டீங்களா...

இல்ல. இல்ல இல்ல, கேளுங்க. வரமாட்டேன்னு அவ எப்பச் சொன்னா... பதில் போடலன்னா... ஆமா... ஆமா, அக்டோபர்ல லெட்டர் போட்டீங்க... ரெண்டு லெட்டர்... ஆமா.

மதர், ஒண்ணு கேக்கறேன். அங்கேர்ந்து கெளம்பினது செப்டம்பர் பதினஞ்சாம் தேதி, இங்க வந்து சேந்தது பதினாறு. வந்து சேந்த நாள்லேர்ந்து எண்ணினா ஒரு நாள் கெடைக்குமே... மடத்து வாசப்படி தாண்டின நாள்தானா... சரி. இங்க பக்கத்துல வேற சபை மடம் ஒண்ணு இருக்குது. இப்பவே கூட்டிக்கினு போயி உள்ள வுட்டுடறேன்... உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கணுமா... ரோமாபுரிச் சட்டம்... சரி மதர். சரி. நீங்க என்ன பண்ணுவீங்க.

அப்ப மொதல்லேர்ந்தா... கேண்டிடேட்டா ஒரு வருஷம் உங்க சமையக்கட்டுல கெடந்தா. போஸ்டுலன்ட்டா ஒரு வருஷம். போன மே மாசம் வெள்ளைச் சேலை குடுத்தீங்க, நான் பின்வரிசையில நின்னு பாத்தேன். வர்ற மே மாசம் வார்த்தைப்பாடு குடுத்து சிஸ்டராவணும். கூடச் சேந்த ஏழு பேரும் பீடத்துல நிப்பாங்க, எம்பொண்ணு மட்டும் புதுசா வர்ற புள்ளைங்களோட ஒண்ணாம் நாள்ல நிக்கணுமா...

அதுகூட இல்லியா... சேத்துக்கவே மாட்டாங்கன்னா... ஆசையில்லாதவள எப்படிச் சேக்கறதுன்னு உங்க சபைக் கவுன்சில்ல கேப்பாங்க... ஆசையில்லன்னு யாரு மதர் சொன்னது...

மதர், அந்த லெட்டர் ரெண்டையும் அவ பாக்கல.

...

நான்தான். போஸ்ட்மேன் எங்கைலதான் குடுத்தான்... படிக்கத் தெரியும் மதர். நாப்பத்திமூணு வயசுல கோயில்ல சாயங்கால வகுப்பு வெச்சாங்க, அதுல கத்துக்கிட்டேன். மக மடத்துலேர்ந்து எழுதறத அடுத்தவன் படிச்சுச் சொல்லிக் கேக்கறது வெக்கமா இருந்துச்சு. அதுக்காகத்தான் கத்துக்கிட்டதே. எழுத்துக் கூட்டிக் கூட்டி உங்க லெட்டர முழுசா படிச்சேன். உடனே அனுப்பி வைக்கவும்னு எழுதியிருந்தீங்க. புரியலன்னு பொய் சொல்ல மாட்டேன்.

அவகிட்ட என்ன சொன்னேன்னா... மதர் இந்த பூத்துக்கு ஃபோன் பண்ணாங்க, கால் சரியாவுற வரைக்கும் இருக்கச் சொன்னாங்கன்னு சொன்னேன். நம்பிட்டா. உங்க பேரச் சொன்னா நம்புவா... ஏன்னு கேட்டா என்ன சொல்றது. அவங்கம்மா போயி நாலு வருஷம். லோடு எறக்கிட்டு வந்தா பேச ஆளில்ல. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும், இன்னும் ஒரு வாரம்... ஆமா. ஆமா மதர். கலாட்டா மேல பழி போடல. அது ரெண்டு நாளத்தான் தின்னுச்சு, மீதிய நான் தின்னேன்.

திட்டுங்க... திட்டுங்க மதர்.

கவுன்சிலுக்கு எழுதித் தரேன். எங்கையாலயே எழுதறேன், பெத்தவன் பண்ண தப்புன்னு... தபால் எங்க போவுது, எல்லாம் நின்னு கெடக்குது... நீங்களே கவுன்சில்ல சொல்றீங்களா. சொல்லுங்க மதர், ஒரு எழுத்து மறைக்காம சொல்லுங்க.

என்ன... அவகிட்டயா... இல்ல, இன்னும் தெரியாது... இப்பவா... மதர், இன்னிக்கு வேணாமே... நான் சொல்லலன்னா நீங்க சொல்லுவீங்களா... சரி. லைன்லயே இருங்க.

பெர்னா. உள்ள வாம்மா... மதர்தான்... இல்ல, மொதல்ல நான் சொல்றத கேளு. உனக்கு லெட்டர் வந்துச்சும்மா. அக்டோபர்லயே வந்துச்சு. ரெண்டு. நான் குடுக்கல. மதர் ஃபோன் பண்ணாங்கன்னு சொன்னது... அவங்க பண்ணவே இல்ல.

...

மதர், இருக்கீங்களா... சொல்லிட்டேன்... பையத் தூக்கிட்டா... பெர்னா, எங்கடி போற... ஓசூரு நாப்பது கிலோமீட்டர்டி...

மதர், நடந்தே போறாளாம். பார்டர் தாண்டிட்டா அந்தப் பக்கம் பஸ் இருக்குமாம். நாளைக்குள்ள உங்க வாசலுக்கு வந்துருவேங்கறா. இன்னும் கால் மணி நேரத்துல கர்ஃப்யூ. கன்னடம் நல்லாத்தான் பேசுவா, ஆனா அந்த ரோட்டுல எவன் நின்னு கேக்கறான்... டென்சில், அவள மறி. அந்தப் படியிலயே நிறுத்து.

நீங்க வேணாம்னு சொல்லுங்க மதர். ஒண்ணாம் நாள்லேர்ந்துன்னாலும் சேத்துக்கறோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க... கவுன்சில்ல கேக்கறேன்னு சொல்லுங்க, அது போதும்... கேப்பீங்களா... நீங்க சொன்னா நிப்பா. எம்பேச்ச இனிமே கேக்க மாட்டா.

பெர்னா, மதர் லைன்லதான் இருக்காங்க... வா... என்னைப் பாக்க வேணாம். ஃபோன மட்டும் வாங்கிக்க.