எஞ்சின் தானாக நிற்கும் வரை

— இந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போ ரெங்கசாமி. காருக்கு இது தேவையில்ல. தேவையில்லாத சாமானப் பூட்டிக் காசு வாங்குற பழக்கம் இந்தத் தாஸிம்ட கராஜ்ல இல்ல.

— அப்பிடிச் சொல்லாதீங்க தாஸிம் நானா. அப்புத்தளை மேடெல்லாம் ஏறி எறங்குற வண்டி. டர்போ வச்ச வண்டிக்கு இந்த டைமரு கட்டாயம் இருக்கணும்னு கொழும்புல சொன்னாங்களே.

— சாமான் விக்கிறவன் வேற என்னத்தச் சொல்லுவான்? இஞ்ச பாரு. டர்போ என்டா உள்ளுக்குச் சுத்துற ஒரு காத்தாடி. மேடு ஏறக்குள்ள நெருப்பாக் கொதிக்கும். வந்த கையோட நீ சாவியத் திருப்பி ஓஃப் பண்ணினா எண்ணெய் ஓட்டம் நிண்டுடும். எண்ணெய் கருகி, காத்தாடி இறுகிப் போகும். அதுக்குத்தான் ஓஃப் பண்ண முந்தி ரெண்டு நிமிசம் சும்மா ஓட விடு என்டு சென்னேன். சூடு ஆறிடும். விசயம் அவ்வளவுதான். அந்த ரெண்டு நிமிசம் நீ சீட்டுல குந்திக் கொண்டு ஈந்தாப் போதும்.

— இதப் பூட்டுனா உக்காரவே வேணாங்களே. சாவிய உருவிக்கிட்டு எறங்கிப் போயிரலாம். எஞ்சினு தானா ஓடும், தானா நின்னுக்கும்.

— அதத்தான் நான் வேணாம் என்டு சொல்ற! ஒன்ட மொதலாளி றவூப் நானாட வீடு ஈக்கிறது இறக்கத்துல. ஆளில்லாம ஓடிக்கொண்டு நிக்கிற வண்டி, ஹேண்ட் பிரேக் கொஞ்சம் ஏமாத்தினா எங்க போய் நிக்கும்? கீழ றஹீம்ட பேக்கரிக்குள்ள போய்ப் பாண் வாங்கும்.

— டயருக்கு கல்லு வச்சிர்றேன் நானா.

— இன்னொண்டும் சொல்றேன், கேளு. அந்தக் கார் இப்ப எங்க ஓடுது? கடைக்கும் வீட்டுக்கும். ஒரு கட்டை, ஒரு மைல் தூரம். அதுக்குள்ள டர்போ நித்திரையால எழும்பவும் மாட்டாது. அந்த ஓட்டத்துக்கு டைமரும் தேவையில்ல, நீ குந்திக் கொண்டு ஈக்கவும் தேவையில்ல.

— மொதலாளி அந்த ஒரு கட்டைக்கும் உக்காருவாருங்களே. தெனமும் கடையச் சாத்திட்டு வந்து, வாசல்ல வண்டிய ஓட விட்டுட்டு.

— எனக்குத் தெரியாதா? நானும் அதச் சென்னேன். "றவூப் நானா, ஊருக்குள்ள ஓடுறதுக்கு இது தேவையில்ல" என்டு. மனிசன் சிரிச்சார். "வண்டிக்குத் தேவையில்லடா, எனக்குத் தேவை. அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஹம்ஸியா இஞ்சி தட்டுவா. நான் உடன எறங்கினா பிளேன்டீ ரெடியா ஈக்காது" என்டார். பதுளையில புடவைக்கடை வெச்சிக் கொண்டு ஈந்த மனிசன், பொஞ்சாதி டீ ஊத்துற வரைக்கும் தெருவுல காவல் ஈந்தார். சரி, அத விடு. இதப் பூட்டச் சென்னது யாரு? புவாத் தானே?

— அவரு இல்லீங்க.

— எனக்குப் பொய் சொல்லாத. ஹம்ஸியா ராத்தாட தம்பி கடையில குந்தின நாள்ல இருந்து காருக்கு விலை கேட்டுக் கொண்டு திரியிறது எனக்குத் தெரியும். டைமர் பூட்டின கார் என்டு சொல்லிக் கொஞ்சம் கூட்டி விக்கப் பாக்குறான். மச்சான்ட கபுறு மண் இன்னும் காயல்ல!

— சாமி சத்தியமா அவருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா என் வேலை போயிரும். அதாங்க, அவரு பள்ளிக்குத் தொழப் போன நேரமாப் பாத்து வண்டியக் கொண்டாந்தேன்.

— அப்ப இந்தப் பெட்டி எங்கால?

— மொதலாளி வாங்குனது.

— எந்த மொதலாளி?

— நம்ம மொதலாளிதாங்க. றவூப் மொதலாளி.

— அவரா?

— கடைசிப் பயணத்துலங்க. நெஞ்சுக்குக் காட்டப் போனோம்ல, தனியா ஓட்ட வேணாம்னு மொதலாளியம்மா என்னையக் கூட அனுப்பி வச்சாங்கள்ல, அப்ப. மறுநாள் டாக்டரப் பாக்கணும். அவரு என்னடான்னா பஞ்சிகாவத்தையில, கார் சாமான் விக்கிற தெருவுல வண்டிய நிறுத்தச் சொல்லிட்டு, கட கடயா ஏறி எறங்குறாரு. இதக் கையில எடுத்துக்கிட்டு வந்து, "ரெங்கசாமி, தாஸிம் ஏசுவான். ஏசட்டும். நானே போய்ச் சமாளிச்சுக்கிறேன்"னாரு.

— ஏசுவான் என்டா சென்னார்?

— சிரிச்சுக்கிட்டேதாங்க சொன்னாரு.

— ஓ. ஏசினேன்தான். அந்தப் பயணத்துக்கு முந்தி வந்து வந்து கேட்டார். "ஒங்களுக்கென்ன பைத்தியமா, குந்திக் கொண்டு ஈக்க ஏலாதா" என்டு ஏசி அனுப்பினேன்... அது அந்த மனிசன் என்னட்டக் கேட்ட கடைசி வேலை.

— மறுநாள் ஆஸ்பத்திரிக்கு உள்ள போனவரு உசுரோட வெளிய வரலீங்க. அவரு மையத்த வேன்ல கொண்டாந்தாங்க, நானும் அதுல ஏறிக்கிட்டேன். காரு கொழும்புல சொந்தக்காரங்க வீட்டுலயே நின்னுபோச்சு. ஒரு வாரம் போய்த்தான் புவாத் மொதலாளி என்னைய ரயிலேத்தி விட்டு, வண்டியக் கொண்டாரச் சொன்னாரு. அன்னைக்குத்தான் தப்பு நடந்துபோச்சு நானா.

— என்ன தப்பு?

— பொழுது சாயுற நேரம் வந்து சேந்தேன். பள்ளியில பாங்கு சொல்லி முடிஞ்சிருந்திச்சு. வாசல்ல நிறுத்துனேன். கொழும்புல இருந்து மலை ஏறி வந்த வண்டி. ரெண்டு நிமிசம் ஓட விடணும்னு நீங்க சொன்னதா மொதலாளி சொல்லிச் சொல்லிப் பழக்குனது. அவரு இல்லாட்டியும் அவரு வண்டிய நாம ஒழுங்காப் பாக்கணும்ல? அப்பிடியே உக்காந்திருந்தேன்.

— ஓ, அது சரிதானே. அதுல என்ன தப்பு?

— கதவு தெறந்திச்சு நானா. அம்மா வந்தாங்க. கையில பிளேன்டீ கோப்பை. தலையில முக்காடு இல்ல.

— யா அல்லாஹ்! இத்தாவுல ஈக்கிற மனிசி!

— தெரியுங்க. புருசன் தவறினா நாலு மாசம் வீட்டோட இருப்பாங்க, அயல் ஆம்பள கண்ணுல படக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவங்க முகத்தப் பாக்கல. ஆனா, "இன்டைக்கு என்ன இவ்வளவு சுணக்கம்?"னு கேட்டுக்கிட்டே வந்தாங்க நானா. அது காதுல விழுந்துபோச்சு. பொறகு கோப்பை கீழ விழுந்த சத்தம். ஏழு நாளா அழுதவங்க, மொதலாளி போயிட்டாருன்னு தெரிஞ்சவங்க. அந்தச் சத்தம் கேட்டதும் கையி தானா இஞ்சியத் தட்டியிருக்கு.

— புவாதுக்குத் தெரியுமா?

— அவரு உள்ளதான் இருந்தாரு. வெளிய வந்து என்னையப் புடிச்சு ஏசுனாரு பாருங்க. "இனிமே வாசல்ல வண்டிய ஓட விட்டுக்கிட்டு நின்னா ஒன் ஊரு லுணுகலைக்கே பொட்டியக் கட்டிரு"ன்னுட்டாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல. அக்கா நெலமையப் பாத்து அவருக்கும் தாங்கல. அதுல இருந்து நான் சந்தியிலயே எஞ்சின நிப்பாட்டிட்டு, எறக்கத்துல சத்தமில்லாம உருட்டிக்கிட்டு வந்து வாசல்ல விடுறேன்.

— அட மடையா! எஞ்சின் ஓஃப் பண்ணினா பிரேக் இறுகிப் போகுமேடா! பேக்கரிக்குள்ள போறதுக்கு டைமர் தேவையில்ல, நீயே போதும் போல!

— அந்தம்மா காதுல விழாம வரணுமே நானா. நான் வேற என்னத்தச் செய்ய? சாவிய அவங்க மக றமீலா பாப்பா கையில குடுத்துட்டு, செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போயிருவேன்.

— சரி. ராத்தாக்கு அமைதியாப் போச்சுதானே? இப்ப எனத்துக்கு இந்தப் பெட்டி?

— அமைதியா? போன கெழம பாப்பா கேக்குது, "ரெங்கசாமி மாமா, எங்கட காரை வித்தாச்சா?"ன்னு. இல்லையே கண்ணு, இந்தா நிக்குதேன்னேன். "சத்தம் கேக்கலயே. உம்மா அடுப்படி ஜன்னல்ல நிண்டு நிண்டு பாக்குறா. ராவைக்குச் சாப்பிடுறதும் இல்ல"ன்னுச்சு. கெடுத்ததும் நான்தான், நல்லது செய்யிறேன்னு மறுபடி கெடுத்ததும் நான்தான்.

— நீ என்ன செய்வாய். பொறவு?

— நேத்து சாவி குடுக்குற நேரம், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து அம்மா பேசுனாங்க. பாப்பாவப் பக்கத்துல வச்சுக்கிட்டு. "ரெங்கசாமி, கொழும்புல அவர் கடைசியா என்ன பேசினார்?"னு. அது வரைக்கும் அவங்ககிட்ட யாருமே அதச் சொல்லல போலருக்கு. ஆஸ்பத்திரிக் கதயெல்லாம் எனக்குச் சொல்ல வரல. இந்தப் பெட்டியத்தான் சொன்னேன். வண்டிக்குள்ள தட்டுலயே கெடந்திச்சு.

— பெட்டியப் பத்தி என்னத்தச் சொல்ல ஈக்கி? ஒரு வயர், ஒரு பட்டன்.

— எதுக்கு வாங்குனாருன்னு சொன்னேங்க.

— எனத்துக்கு? என்னட்டச் சென்னது, குந்திக் கொண்டு ஈந்து இடுப்பு நோகுது என்டு.

— உங்ககிட்ட வெக்கப்பட்டுக்கிட்டு அப்பிடிச் சொல்லியிருப்பாரு. எங்கிட்ட வேற சொன்னாரு.

— சொல்லேன்.

— புருசன் பொஞ்சாதி பேச்சு. சொல்லலாமா?

— மவுத்தாகிப் போன மனிசன்ட கதை. நானும் அவர்ட கூட்டாளிதான். சொல்லு.

— "ரெங்கசாமி, எஞ்சின் ஓடுற வரைக்கும் நான் தெருவுலதான்னு அவளுக்குத் தெரியும். இத்தன காலமா அப்பிடித்தான். இது பூட்டினா என்ன ஆகும் தெரியுமா? எஞ்சின் வெளிய ஓடும், நான் உள்ளுக்குப் போயிருவேன். அவ அடுப்பப் பாத்துக்கிட்டு இஞ்சி தட்டிக்கிட்டு நிப்பா. பூனை மாதிரிப் போய் அவளுக்குப் பின்னால நிக்கப் போறேன். திரும்பிப் பாக்குறப்ப என்ன பாடு படுவான்னு பாரேன்"னாரு. ரோட்டுல நின்னு சின்னப் பய மாதிரி சிரிச்சாருங்க. பேத்தி எடுக்குற வயசுல.

— இதுக்காகவா என்னட்ட வந்து வந்து ஏச்சு வாங்கினார்...

— அதக் கேட்டுட்டு அம்மா, "அதத் தாஸிம்ட குடுத்துப் பூட்டிட்டு வாங்க"ன்னாங்க.

— இல்ல ரெங்கசாமி. எனக்குப் பயமா ஈக்கி. ஒரு தரம் சத்தத்தக் கேட்டுக் கோப்பையோட தெருவுக்கு வந்த மனிசி. தினமும் கேட்டா என்ன ஆகும்? ஆளில்லாத வண்டிய ஓட விட்டா ஆள் திரும்பி வருமா? இது மருந்தில்ல. புண்ணத் தோண்டுற வேலை.

— நானும் அதத்தான் சொன்னேன். வேணாம்மா, வித்துருவாங்க, கொஞ்ச நாள்ல மறந்துரும்னு.

— அதுக்கு?

— "வித்துத்தான் ஆகணும், தெரியும். இத்தா முடிஞ்சதும் வித்திடுவாங்க. அது வரைக்கும் போதும்"னாங்க.

— புவாத்?

— அவருக்கு நான் என்ன சொல்றதுன்னுதான் தெரியல. அதாங்க உங்க காலப் புடிக்கிறேன்.

— ஒண்டையும் புடிக்காத. அந்தக் குறட்ட எடு. அந்தக் கறுப்பு டேப்பையும்.

— நானா...

— புவாத் கேட்டா தாஸிம்ட அனுப்பு. நான் சொல்றேன். டர்போ வண்டிக்கு டைமர் கட்டாயம் தேவை, இல்லாட்டி விலை போகாது, ஒரு கட்டை ஓடினாலும் தேவை, நிண்டாலும் தேவை என்டு சொல்றேன். இந்தத் தொழில்ல நான் இது வரைக்கும் பொய் சென்னதில்ல. இந்த ஒண்டச் சொல்லிட்டுப் போறேன். வண்டிட பொனட்டத் திற.

— பெரிய உபகாரம் நானா.

— விளக்க இப்பிடிப் பிடி. எத்தின நிமிசத்துக்கு வெக்க? ஊருக்குள்ள ஓட அரை நிமிசமே போதும்.

— ரெண்டு வைங்க. இஞ்சி தட்டி, தண்ணி கொதிச்சு, ஊத்தி முடியணும்ல.

— ரெண்டு. சரி. ஆனா ரெங்கசாமி, ஒண்டு கேக்குறேன். அந்த நேரத்துல நீ எங்க நிக்கப் போற? ராத்தா மறுபடி கதவத் திறந்து கொண்டு வந்துட்டா?

— வர மாட்டாங்க நானா. அத அவங்களே சொல்லிட்டாங்க. "நீங்க சாவிய ஜன்னல்ல வெச்சிட்டு, சத்தமில்லாமப் போயிருங்க ரெங்கசாமி. வண்டி ஓடட்டும். அது நிக்கிற வரைக்கும் நான் அடுப்பப் பாத்துக் கொண்டு நிப்பேன், பின்னால திரும்பிப் பாக்க மாட்டேன்"னாங்க.